கண்ணகி பேசாத பேச்சு

வடக்கனந்தலில் களையெடுக்கப் போகிற பெண்களில் கண்ணகி ஒருத்திதான் பன்னிரண்டாவது முடித்தவள். கணவன் மாயவனோடு கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்போதுதான் கள்ளக்குறிச்சியில் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி என்று சேதி வந்தது. இடம் அரசாங்கத்துடையது, கம்ப்யூட்டரும் சொல்லித்தர ஆளும் ஒரு கம்பெனி கொடுத்தது. முடித்தவர்களுக்கு, விவசாயிகள் போனில் கேட்கிற சந்தேகத்துக்குப் பதில் சொல்லும் வேலை என்றார்கள்.

மழையென்றும் பாராமல் டவுன் பஸ் பிடித்துப் போனாள். பாதி நேரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் வருவதை வாய்விட்டு வாசிக்க வேண்டும். பேச்சு திருந்தத்தான் இது என்று நினைத்து, தொண்டை கட்டுகிற வரைக்கும் வாசித்தாள். பயிற்சி முடிந்தது. கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை. பழையபடி களைக்கொத்தை எடுத்தாள்.

ஒருநாள் காலையில் ராஜாங்கம் வாசலில் வந்து நின்றார். அவர் நிலத்தில்தான் அவள் அதிகம் வேலை செய்தது.

"இன்னாம்மா கண்ணகி, கதிர் புடிக்கிற நேரத்துல மக்காச்சோளத்துக்குத் தண்ணிய நிறுத்துன்னு போன்ல சொல்லிட்டியே. எல்லாம் காஞ்சி போச்சி."

போனில் அவரோடு தான் பேசவேயில்லை என்றாள். அவர் விவசாயிகளுக்கான உதவி எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"வணக்கங்க. வயல்ல இன்னா பயிர் வச்சிருக்கீங்க?"

அவள் குரல். கடைசி எழுத்தை இழுத்துவிடுகிற பழக்கம்கூட அவளுடையதேதான். மாயவன் போனைப் பார்க்கவில்லை. அவள் வாயைப் பார்த்தான். மூடியிருந்தது. கண்ணகி தன் தொண்டையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாள். குரல் பாட்டுக்கு உரம், பூச்சி மருந்து என்று பேசிக்கொண்டே இருந்தது.

அன்றைக்கே பயிற்சி மையத்துக்குப் போனாள். சொல்லிக்கொடுத்த அபிநயா போனில் அந்தக் குரலைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வாசித்ததைப் பதிந்து, பல பேர் குரலைக் கலந்து புதுசாக ஒன்று செய்வார்கள் என்றுதான் கம்பெனி அவளிடம் சொல்லியிருந்ததாம். இனிமேல் போன் எடுக்க ஆள் வேண்டியதில்லை என்பதையும் மெல்லச் சொன்னாள்.

"அப்ப, எங்க வேலையத்தான் எங்களையே வச்சி அதுக்குக் கத்துக்குடுத்தீங்களா மேடம்?" என்றாள் கண்ணகி.



கூடப் படித்த பெண்களைத் திரட்டிக்கொண்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தாள். ராஜாங்கமும் கருகின கதிரோடு வந்தார். அந்தக் குரலை நிறுத்தினார்கள். மெஷின் சொல்கிற பதிலை ஆள் கேட்டுச் சரிபார்த்து, தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று முடிவானது. அதற்குப் பயிற்சி முடித்தவர்களில் பாதிப் பேரைத்தான் எடுத்தார்கள். கண்ணகிக்கும் இடம் கிடைத்தது. விடுபட்ட பெண்களின் முகத்தைப் பார்க்க முடியாமலேதான் வேலையில் சேர்ந்தாள்.

ராஜாங்கம் போனில் அவளிடம் ஏதாவது கேட்டால், பதிலைக் கேட்டுவிட்டு, "நீதானம்மா பேசற?" என்பார். அவர் விளையாட்டுக்குக் கேட்பதில்லை.