நடு அடுக்கில் பதினோரு புள்ளிகள்

ஹைட்ராவுக்கு மூளை கிடையாது. வெளியே ஓர் அடுக்குச் செல்கள், உள்ளே ஓர் அடுக்குச் செல்கள், நடுவில் செல்லே இல்லாத வெறும் கூழ். கண்மாய்த் தண்ணீரில் இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு, இவ்வளவை வைத்தே பிழைத்துவிடுகிறது. எங்கள் விலங்கியல் பேராசிரியருக்கு ஆண்டவன் மூளை கொடுத்திருந்தான். அதை அவர் செலவழித்து நான் பார்த்ததில்லை.

மதுரையில் நான் படித்த மிஷன் கல்லூரியில் யாரும் மைக்ராஸ்கோப்பைப் பார்த்துப் படம் வரைய மாட்டார்கள். சீனியரின் ரெக்கார்டு நோட்டை வாங்கி, வளையலை வைத்து வட்டம் போட்டு, ஈயடிச்சான் காப்பி அடிப்போம். அந்த நோட்டில் ஹைட்ராவின் நடுக்கூழில் பதினோரு புள்ளிகள் இருந்தன. என்றோ ஒரு மடையன் சிந்திய மையை வருடா வருடம் செல் என்று வரைந்து வந்திருக்கிறார்கள்.

நான் ஸ்லைடைப் பார்த்தேன். நடுவில் ஒன்றுமில்லை. புள்ளி வைக்காமல் வரைந்து கொண்டுபோனேன். பேராசிரியர் என் படத்தை சீனியர் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஸ்லைடைப் பாருங்கள் சார் என்றேன். மைக்ராஸ்கோப் அவர் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவர் குனியவில்லை.

"பதினோரு புள்ளியும் இருந்தாத்தான் கையெழுத்து. இல்லேன்னா அடுத்த வருசம் பாப்போம்."

கையெழுத்தில்லாத ரெக்கார்டோடு போனால் செய்முறைத் தேர்வுக்குள் விடமாட்டார்கள். திருவாதவூரில் என் அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டு என்னைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வருடம் என்று அவளிடம் போய்ச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவர் முன்னாலேயே பென்சிலால் புள்ளிகளைக் குத்தினேன். ஆத்திரத்தில் கடைசிப் புள்ளிக்கு மட்டும் கை இழுத்து வால் முளைத்துவிட்டது.

தேறினேன். படங்கள் சுத்தமாக இருக்கின்றன என்று ஜூனியர்கள் என் நோட்டைப் போட்டி போட்டு வாங்கிப் போனார்கள். அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும்.

இப்போது கோச்சடையில் இருக்கிறேன். அதே கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண், போன மாதம் சந்தேகம் கேட்கத் தன் ரெக்கார்டோடு வந்தாள். சீனியர் நோட்டைப் பார்த்து வரைந்தாளாம். எண்ணிப் பார்த்தேன். பதினோரு புள்ளிகள். கடைசிப் புள்ளிக்கு வால். அதற்கு அம்புக்குறி போட்டு, நரம்பு செல் என்று பெயரும் எழுதியிருந்தது.

"நானே ஸ்லைடுல பாத்துட்டேன் அங்கிள், நடுவுல ஒண்ணுமே இல்ல. இத வரைஞ்ச மடையன் மைக்ராஸ்கோப்பையே பாத்திருக்க மாட்டான், இல்ல?"

பார்த்துவிட்டுத்தான் வரைந்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஆமாம்மா, பாத்திருக்க மாட்டான்" என்றேன்.