என் அறிக்கையில் குடியிருந்தவன்

என் பெயரில் விசைத்தறி ஓடியிருக்கிறது என்பதை வங்கியில் வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். மகளுக்கு பிசியோதெரபி படிப்பில் இடம் கிடைத்திருந்தது. கல்விக் கடனுக்கு அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். சூலூரில் சின்ன லேத் பட்டறை வைத்திருப்பவன் நான். வாழ்நாளில் தவணையில் வாங்கியது ஒரே ஒரு மொபெட், அதையும் ஒரு மாதம் தவறாமல் கட்டி முடித்தவன். அந்தத் தெம்பில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். மேலாளர் திரையை என் பக்கம் திருப்பினார்.

"பல்லடத்துல தறிக் கடன் வாங்கிக் கட்டாம உட்டுப்போட்டிருக்கீங்களே?"

"எனக்குப் பல்லடத்துல பஸ் ஸ்டாண்டு மட்டுந்தானுங்க தெரியும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கடன் அறிக்கையை அச்செடுத்துக் கையில் கொடுத்து, "இதச் சரி பண்ணீட்டு வாங்க, அப்பறம் பார்க்கலாம்" என்றார். வெளியே வரும்போது காதெல்லாம் சுட்டது. யாரைத் திட்டுவது என்று தெரியாததால் மொபெட்டை உதைத்தேன்.

பட்டறையில் உட்கார்ந்து படித்தேன். மேலே என் பெயர், என் இனிஷியல், என் பிறந்த தேதி. என் சூலூர் முகவரிக்குக் கீழே நான் குடியிருக்காத மூன்று முகவரிகள்: பல்லடம், கோவையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெரு, கடைசியாக ஓசூர். தறிக் கடன், தனிநபர் கடன், நகைக் கடன் மூன்றுக்கும் பணம் கட்டுவது நாலு வருடத்துக்கு முன் ஒரே மாதத்தில் நின்றிருந்தது. அப்புறம் நீண்ட நாள் ஒன்றுமில்லை. ஆறு மாதத்துக்கு முன் ஓசூரில் ஒரு செல்போன் தவணை தொடங்கி, மாதம் பிசகாமல் கட்டப்பட்டு வந்தது.

மூன்றாவது தடவை படிக்கும்போது ஆள் பிடிபட்டுவிட்டது. கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே வீட்டுக்கு ஒருவருக்கு ஊர்ச்சாமி பெயர் வைப்பார்கள். ஒன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கும் அதே பெயர், இனிஷியலும் அதுவே. பிறந்த தேதி வீட்டில் யாருக்கும் தெரியாது. தலைமை ஆசிரியர் எங்களை நிற்க வைத்து, தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்வார். தொட்டவன் பள்ளிக்கூடத்துக்குத் தயார். தொட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே தேதியை எழுதிவிடுவார். ஊரில் பாதிப்பேர் ஒரே நாளில் பிறந்தது எங்களுக்குள் வெகுநாள் வேடிக்கை. பான் எண் கேட்காமல் கொடுத்த அந்தப் பழைய தறிக் கடனை வாங்கியவனையும் என்னையும் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் பெயரையும் தேதியையும் பார்த்து ஒரே ஆளாகக் கட்டிவிட்டது. அவனுடைய மற்றக் கடன்களும் அதோடு ஒட்டிக்கொண்டு என் கணக்கில் வந்து சேர்ந்துவிட்டன.

அவன் காணாமல்போய் நாலு வருடம் ஆகிறது. நூல் விலை ஏறி, கூலி குறைந்து, தறிகளை எடைக்குப் போட்டான். ஒருநாள் காலை பல்லடம் பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு எங்கேயோ ஏறிப்போனவன்தான். கிணறு என்றார்கள், ரயில் என்றார்கள். சொந்தக்காரர்கள் காரியம் செய்து முடித்துவிடலாம் என்று அவன் மனைவியை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் சம்மதிக்கவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரிந்த சங்கதிதான். தெரிந்தும் ஒருநாள்கூட அந்த வீட்டுப் பக்கம் போனதில்லை. வேலை இருந்தது என்று சொல்லிக்கொள்வேன்.

அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். தனிநபர் கடன் வாங்கிய மாதத்தில்தான் ஆஸ்பத்திரித் தெரு முகவரி வருகிறது. அது அவன் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த மாதம். ஒவ்வொரு வரியிலும் அவன் எதற்காக ஓடினான் என்பது தெரிந்தது. லேத்தில் குனிந்திருக்கும்போது பின்னால் யாரோ நிற்பதுபோல இருக்கும், திரும்பிப் பார்ப்பேன். கடன் வசூலிப்பவர்கள் என் எண்ணைக் கண்டுபிடித்து அழைக்க ஆரம்பித்தார்கள். பெயரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிடுவார்கள். "அந்த ஆளு நானில்லீங்க" என்றால், "எல்லாரும் இதத்தான் சார் சொல்றாங்க" என்பார்கள். சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்தது. வெளிப்படையாகச் சொல்வதென்றால், பயந்துபோயிருந்தேன். அறிக்கையில் இருந்த அவன் போன் எண்களை அழைத்துப் பார்த்தேன். இரண்டும் உபயோகத்தில் இல்லை.

ஜூலையில் தாளை எடுத்துக்கொண்டு கருமத்தம்பட்டிக்குப் போனேன். அவன் மனைவி பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் விவரம் சொன்னதும் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். செல்போன் தவணை வரியை விரலால் தொட்டாள்.

"போன மாசங்கூடக் கட்டியிருக்காருங்களாண்ணா?"

"ஆமா அம்மணி."

"அப்ப இருக்காரு" என்றாள். அழவில்லை. உள்ளே போய் எனக்குக் காப்பி வைத்தாள். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

ஓசூர் முகவரியில் தெருப்பெயர் மட்டும்தான், கதவு எண் கிடையாது. ஆனாலும் விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் பஸ் ஏறிப்போய் அந்தத் தெருவில் போட்டோவைக் காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆகஸ்டு முதல் வாரம் பட்டறைக்கு வந்தாள். செல்லில் புது அறிக்கையைத் திறந்து காட்டினேன். ஜூலைத் தவணை கட்டியிருந்தான். இனி மாதாமாதம் வாரேனுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கு நாலு நாள் முன்புதான், அறிக்கை கொடுக்கும் கம்பெனிக்கு அவன் கணக்குகளை நீக்கச் சொல்லி நான் ஆட்சேபம் எழுதியிருந்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. கல்லூரியில் பணம் கட்டக் கடைசி நாள் குறித்துவிட்டார்கள். அவனுடைய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'இந்தக் கணக்கு என்னுடையது அல்ல' என்பதைத் தேர்ந்தெடுத்து அழுத்த வேண்டும். நாலு தடவை அழுத்தினேன். மூன்று முகவரிகளையும் என்னுடையவை அல்ல என்று எழுதினேன். எழுதியதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அப்படியும் விரல் கூசியது.

ஆகஸ்டு கடைசியில் பதில் வந்தது. அறிக்கை திருத்தப்பட்டுவிட்டது. கடன் மதிப்பெண் ஒரேயடியாக ஏறி, கடன் கிடைத்து, மகள் கல்லூரிக்குப் போனாள். மேலாளர் எழுந்து கை கொடுத்தார். புது அறிக்கையில் என் மொபெட் மட்டும் இருந்தது. துடைத்துப்போட்ட மாதிரி சுத்தம். எனக்குச் சந்தோஷமாக இருக்கவேண்டிய நாள் அது.

செப்டம்பரில் அவள் வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "கட்டியிருக்காருங்களாண்ணா?"

செல்லை எடுத்தேன். மொபெட் வரியைப் பார்த்துக்கொண்டே, "கட்டியிருக்காரு அம்மணி" என்றேன். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வந்தது இது. அதோடு நிறுத்தினேனா? பெரிய மனுசன் மாதிரி புத்தி வேறு சொன்னேன். "ஒழுங்காத்தான் கட்டீட்டு வாராரு. கொஞ்சம் நிமிந்ததும் அவராவே ஊட்டுக்கு வந்துருவாரு. நீங்க வேல வெட்டிய உட்டுப்போட்டு அங்க அலையாதீங்க."

அவள் முகம் தெளிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஓசூர் போவதை நிறுத்திவிட்டாள். அக்டோபரில் வந்தாள், நவம்பரில் வந்தாள், டிசம்பரிலும் வந்தாள். ஒவ்வொரு தடவையும் கட்டியிருக்கிறான் என்றேன். ஒரு மாதம் நம்பும்படியாக இருக்கட்டுமென்று, மூன்று நாள் தாமதமாகக் கட்டியிருக்கிறான் என்றுகூடச் சொன்னேன். உடம்புக்கு ஏதாவது முடியாமல் போயிருக்குமோ என்று கவலைப்பட்டாள். அவள் போனபின் பட்டறையில் வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்கவே எனக்குப் பிடிக்காது. சுவரோரமாக நின்று வேலை பார்ப்பேன்.

ஜனவரியில் துணிப்பையோடு வந்தாள். அவளோடு வேலை பார்ப்பவரின் மகன் ஃபைனான்ஸ் கம்பெனியில் இருக்கிறானாம். சமீபத்தில் கட்டிய தாளைக் காட்டிப் போலீசில் கேட்டால் ஆளைப் பிடித்துவிடலாம் என்று அவன் சொன்னானாம்.

"கடசியாக் கட்டுன மாசத்த மட்டும் அச்செடுத்துக் குடுங்கண்ணா. இப்படியே ஓசூர் போறேனுங்க."

லேத்தை நிறுத்தினேன். இனி ஒளிந்துகொள்ள இடமில்லை. ஆட்சேபம் எழுதியதையும், அவன் வரிகள் போனதையும், செப்டம்பரிலிருந்து சொன்னதெல்லாம் நானாக இட்டுக்கட்டியது என்பதையும் நின்றபடியே சொன்னேன். மகள் படிப்பு என்று ஆரம்பித்து, அதை முடிக்காமல் விட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப மெய்யாலுமே எந்த மாசம் வரைக்குமுங்க அவரு இருந்தாரு?"

"ஜூலை வரைக்கும் அம்மணி."

முதலில் அச்செடுத்த பழைய தாளைத் தேடிக் கொடுத்தேன். அதை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், கணக்குப் பார்ப்பவள்போலத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"நாலு மாசம் தேடாம இருந்துபோட்டேனே."