பாலாற்றில் ஒரு குளியல்

நான் பிறந்தது மேட்டுப்பாளையத்தில். நீலகிரி மலை இறங்கித் தரையைத் தொடும் இடத்தில், பவானி ஆற்றை ஒட்டிய ஊர். அப்பா அங்கே நகராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் வேலை பார்த்தார். நீளமான இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போய் வால்வைத் திருப்புவார். ஊருக்கெல்லாம் குழாய்த் தண்ணீர் விட்டவர், தான் மட்டும் குழாயில் குளித்ததில்லை. விடிந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுவார். மலையில் மழை பெய்து ஆறு செக்கச்செவேலென்று வரும் நாட்களில் அம்மா அந்தத் துண்டை ஒளித்து வைப்பார்.

என்னைப் பெண் பார்க்கக் கோலார் தங்கவயலிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை பெங்களூருக்குத் தினமும் ரயிலில் போய்வருகிறவர். அவருடைய அப்பா, சுரங்கத்தை மூடும்வரை அதற்குள் வேலை செய்தவர். சம்பளம், வீடு என்றெல்லாம் சித்தப்பாக்கள் விசாரித்துக்கொண்டிருக்க, அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“உங்க ஊர்ல ஆறு இருக்குதுங்களா?”

மாமனார் யோசிக்கவே இல்லை. “இன்னா சம்பந்தி அப்படி கேட்டுட்டீங்க. பாலாறே நம்ம பக்கத்துலதான் போவுது.”

பக்கத்தில் இருந்த மாமியார் சட்டென்று குனிந்து காப்பியைக் குடிக்கத் தொடங்கினார். அதை நான் பார்த்தேன். ஆனால் மாப்பிள்ளையையும் பார்க்க வேண்டியிருந்ததால் அதன் பின்னால் போகவில்லை.

கல்யாணமாகித் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டை வீட்டுக்கு வந்த முதல் காலையில், குளியலறைக் கதவுக்கு வெளியே மாமியார் நின்றுகொண்டு சொன்னார். “ஒரு பக்கெட்தாம்மா. தலைக்கு ஊத்திக்கிறதுன்னா முந்தின நாளே சொல்லணும்.” பின்கட்டில் நீல டிரம்கள் வரிசையாக நின்றன. குழாயில் தண்ணீர் வருவது வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் வந்தால்தான். மாடியிலிருந்து பார்த்தால் சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண் மலைகள் தெரிந்தன. மலை இருந்தது, அடிவாரம் இருந்தது. ஆற்றைத்தான் காணவில்லை.

“ஆறு எந்தப் பக்கம் மாமா?”

“பேத்தமங்கலம் பக்கம்மா. ஞாயித்துக்கிழம போவலாம்.”

ஒரு ஞாயிறு அவருக்கு முழங்கால் வலித்தது. அடுத்த ஞாயிறு பென்ஷன்காரர்கள் கூட்டம். மூன்றாவது ஞாயிறு, கேட்பதற்கு முன்பே ஆண்டர்சன்பேட்டைக்குப் போய்விட்டார். நான் கணவரை ஸ்கூட்டரில் கிளப்பினேன். பேத்தமங்கலம் ஏரிக்கரையைத் தாண்டி ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினார். கீழே மணல், முள்ளுச் செடிகள், நடுவில் பத்துப் பன்னிரண்டு பேர் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கிப் போய், பந்து பொறுக்க வந்த ஒருவரிடம் ஆறு எங்கே என்று கேட்டேன்.

“நீங்க நிக்கிறதுதான்க்கா.”

“மழைக் காலத்துல?”

“மழ வந்தா கொஞ்சம் சேறாவும். மேட்ச் இருக்காது.”

வீட்டுக்கு வந்ததும் மாமியார், “பாத்துட்டியா?” என்றார். “கட்டிக்கினு வந்ததுலருந்து நானே இன்னும் பாக்கல. அந்த ஆறு இவரு வாயில ஓடுறதோட சரி.”

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து மாமனாரின் குரல் மட்டும் வந்தது. “ஆறு கீதுன்னுதான் சொன்னேன். தண்ணி கீதுன்னா சொன்னேன்?”

அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. போனில் அவர், “ஆத்துல தண்ணி எப்படி சாமி?” என்று கேட்கும்போதெல்லாம், “அளவாத்தான் போகுதுப்பா” என்று சமாளித்தேன். அடுத்த கோடையில் அவரே கிளம்பி வந்துவிட்டார். முழங்கால் வலியென்று அம்மா வரவில்லை. பையைப் பிரித்தால், வேட்டிகளைவிடத் துண்டுகள்தான் அதிகம் இருந்தன.

“காலையில ஆத்துல ஒரு முங்கு போட்டுட்டு வந்தரலாங்களா சம்பந்தி?”

“நம்ம வூட்டுலயே சுடுதண்ணி வெச்சித் தர்றோமே,” என்றார் மாமனார்.

“நமக்கு ஆத்துலதானுங்க பழக்கம்.”

மறுநாள் காலை ஆட்டோ பிடித்தோம். இதுவரை எந்த ஆற்றுக்கும் வராத மாமியார் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார். “தண்ணி இல்லாங்காட்டி பரவால்ல. இவரு மூஞ்சப் பாக்கணும்,” என்று என் காதில் சொன்னார். கணவர் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார்.

கரையில் நின்று அப்பா அந்த மணலைப் பார்த்தார். நான் மாமியாருக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். கல்யாணப் பொய் ஒன்று, ஒரு வருடமாக நான் போனில் சொன்ன பொய்கள் வேறு.

“அது வந்து சம்பந்தி, இந்த வருசம் மட்டும்…” என்று மாமனார் தொடங்கினார்.

“எந்த வருசம்?” என்றார் மாமியார்.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கினார். கரை வளையும் இடத்தில் கொஞ்சம் கோரைப்புல் பச்சையாக இருந்தது. அங்கே குனிந்து ஒரு பிடி மணலை எடுத்து முகர்ந்தார். “இங்க தோண்டினா வருமுங்க.”

“எவ்ளோ ஆழம்?”

“இடுப்பளவு இருக்கும்.”

அதுவரை திருடனைப் போல நின்றிருந்த மாமனார் நிமிர்ந்தார். “இடுப்பளவா? இதுக்கா இவ்ளோ யோசன?” சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கணவர் பக்கத்துத் தோட்டத்தில் மண்வெட்டியும் வாளியும் சொம்பும் வாங்கி வந்தார்.

மாமனார் தோண்டுவதை அன்றுதான் பார்த்தேன். வீட்டில் டிரம் மூடியைத் திறக்கக்கூட ஆள் கூப்பிடுகிறவர், ஒரே சீராக வெட்டிக்கொண்டே போனார். “மண்ண கிட்ட கொட்டாத, ஓரம் சரியும். தள்ளிப் போடு,” என்று மகனை அதட்டினார். முழங்கால் ஆழம் வந்ததும், சுரங்கத்தின் முதல் தளத்தை எட்டியதுபோல, “ஃபர்ஸ்ட் லெவல்” என்று அறிவித்தார். குடைக்குள் உட்கார்ந்திருந்த மாமியார், “தங்கம் வந்தா மொதல்ல எனக்குச் சொல்லுங்க,” என்றார்.

இடுப்பு ஆழத்தில் மணல் கறுத்து ஈரமானது. இன்னும் நாலு வெட்டு. குழியின் அடியில் தண்ணீர் மெதுவாகக் கசிந்தது. கலங்கலாக இருந்ததை இரண்டு முறை இறைத்துக் கொட்டச் சொல்லி, தெளியும்வரை அப்பா காத்திருந்தார். அதற்குள் மாமனார் ஏறப் பார்த்தார். முடியவில்லை. சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கிய இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். “டேய், கேஜ அனுப்புடா,” என்றார் மகனிடம். கணவரும் அப்பாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள்.

அரை மணி நேரத்தில் ஒரு வாளி நிறைந்தது. அப்பா மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டார். பவானியில் முங்கி எழும்போது வருமே, அதே ‘ஹா’ இங்கேயும் வந்தது. எனக்குச் சிரிப்பு தொடங்கி, எங்கேயோ வழியில் அழுகையாகி, மறுபடி சிரிப்பானது. அப்பா சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அளவாத்தான் போகுது சாமி,” என்று மட்டும் சொன்னார்.

மாமனாரையும் உட்கார வைத்து ஊற்றினார். “பொறந்ததுலருந்து இந்த ஆத்துல இதான் மொத தபா,” என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டு. மாமியார் எழுந்து வந்தார். இரண்டு கையிலும் தண்ணீரை ஏந்தி முகம் கழுவினார். இன்னொரு முறை ஏந்தினார். பிறகு, “ஜில்லுன்னு கீது,” என்றார்.

மூன்று வாரம் கழித்து மாமனார் தானாகவே என்னை அழைத்தார், குழியைப் பார்த்துவிட்டு வரலாமென்று. போனால், சுற்றி முள் வெட்டிப் போட்டு வேலி கட்டியிருந்தது. ஆடு மேய்க்கும் ஒரு அம்மா எங்களைத் தெலுங்கில் விரட்டினார். மாமனார் தன் முழுத் தெலுங்கையும் செலவழித்து, தோண்டியது தானே என்று வாதாடினார். அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆடுகளிடம் திரும்பிக்கொண்டார்.

ஆட்டோவில் ஏறியதும் ஸ்பீக்கரில் அப்பாவுக்குப் போன் போட்டார். “சம்பந்தி, நம்ம ஷாஃப்ட்ட, அதான் அந்தக் குழிய, யாரோ புடிச்சிக்கினாங்க. ஆட்டுக்குத் தண்ணி காட்டுறாங்க.”

“எத்தன ஆடுங்க?”

“பதினஞ்சு இருக்கும்.”

அப்பா வாய்க்குள் கணக்குப் போட்டார். “அப்ப இன்னொரு அடி தோண்டோணுமுங்க. அந்தம்மாகிட்டச் சொல்லிப் போடுங்க.”

மாமனார் ஆட்டோவைத் திருப்பச் சொன்னார்.