டயர் மலைக்குக் கொட்டடித்தவள்

என் கையில் மைக்கைக் கொடுத்தால் திருப்பி வாங்குவது கஷ்டம். இதை என் வீட்டுக்காரரும் சொல்வார், எங்கள் மகளிர் குழுவில் இருக்கிற அத்தனை பேரும் சொல்வார்கள். விம்கோ நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நோட்டீஸ் அடிப்பது, படிவம் நிரப்பித் தருவது, காதுகுத்துப் பத்திரிகைக்கு வாசகம் எழுதுவது எல்லாம் நான்தான். அதனால், போகிக்கு டயர் எரிக்கக் கூடாது என்று தெருவில் விழிப்புணர்வுப் பிரச்சாரம் செய்யலாமா என்ற பேச்சு குழுவில் எழுந்தபோது என்னை யாரும் கேட்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

சுற்றிலும் ஆலைகள் என்பதால் எங்கள் பக்கத்துக்குப் புகை புதிதல்ல. காலையில் ஜன்னலைத் திறந்தால், இன்றைக்குக் காற்று மணலிப் பக்கமிருந்தா, எண்ணூர்ப் பக்கமிருந்தா என்று மூக்கே சொல்லிவிடும். வருஷம் முழுக்க அடுத்தவன் புகையைத் திட்டித் தீர்க்கிறோம். ஆனால் போகியன்று விடியற்காலையில் தெருவுக்குத் தெரு எழும்புகிற கறுப்புப் புகை இருக்கிறதே, அது முழுக்க நம்முடைய சொந்தத் தயாரிப்பு. கன்டெய்னர் லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கிற ஊர் என்பதால் பழைய டயருக்கு இங்கே பஞ்சம் கிடையாது. ஷெட்டுக்குப் பின்னால், மொட்டைமாடியில், சுவரோரம் என்று எங்கே பார்த்தாலும் ஒன்று கிடக்கும்.

என் கடைக்கு மேலே மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். தையல் வேலை. வீசிங் உண்டு. ஆறு வருஷமாகப் போகிக்கு முந்தின நாளே மிஷினை மூடிவைத்துவிட்டு, மீஞ்சூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ரயிலேறிவிடுவார். பொங்கல் கழிந்துதான் திரும்புவார். இந்த வருஷம் அவருடைய மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். எடை குறைவாகப் பிறந்த குழந்தை. கொஞ்ச நாளைக்கு வெளியே எங்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மகளையும் குழந்தையையும் விட்டுவிட்டு அக்காவால் தனியாகவும் போக முடியாது.

கடைக்கு இறங்கி வந்து, நான் அடித்து வைத்திருந்த நோட்டீஸை நின்றபடியே முழுக்கப் படித்தார்.

"இத்தப் படிச்சிட்டு நிப்பாட்டிடுவாங்களாம்மா?" என்று கேட்டார்.

நோட்டீஸ் அபாரமாக வந்திருந்தது. நச்சு வாயு, நுரையீரல், காற்று மாசு, வருங்காலத் தலைமுறை என்று இரண்டு பக்கமும் நிரப்பியிருந்தேன். எனக்கே படிக்கப் படிக்கப் புல்லரித்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இந்த வருஷம் நம் தெருவில் ஒரு டயர்கூட எரியாது, என்னை நம்புங்கள் என்றேன். அவரும் நம்பினார். தங்கைக்குப் போன் போட்டு வரவில்லை என்றே சொல்லிவிட்டார்.

பிரச்சாரம் தொடங்கிய நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கால் தரையில் நிற்காது. ஆட்டோவின் மேல் ஸ்பீக்கர் கட்டினோம். பங்சர் கடை அண்ணன் தன் கடையைப் பாதி மூடிவிட்டு எங்களோடு வந்தார். கூட்டம் சேர வேண்டுமே என்று நான் ஒரு யோசனை செய்தேன். வண்ணாரப்பேட்டையிலிருந்து, போகிக்குப் பிள்ளைகள் தட்டுகிற சின்னக் கொட்டு ஒரு டஜன் வாங்கி வந்து, குழுப் பெண்கள் கையில் ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். டண்டணக்க என்று நாங்கள் அடித்துக்கொண்டு நுழைந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் கதவு திறந்தது. பழைய டயரையெல்லாம் மைதானத்தில் கொண்டுவந்து போடுங்கள் என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

முதல் நாள் ஒன்பது டயர் வந்தது. இரண்டாம் நாள் எண்ணுவதை விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் லாரி டயரை உருட்டிக்கொண்டு ஓட்டப்பந்தயம் மாதிரி வந்தார்கள். கடைக்கு எதிரே இருந்த மைதானத்தில் டயர் ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது. நான் அதன் முன்னால் நின்று இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு போட்டோ எடுத்துக்கொண்டேன். டயர் கடை வைக்கப்போகிறாயா என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, பொறாமை என்று சொல்லிவிட்டேன். ஜனங்கள் இவ்வளவு சீக்கிரம் திருந்துவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

திருந்தவில்லை என்பது போகிக்கு முந்தின நாள் காலையில் தெரிந்தது. கடையைத் திறக்க வந்தால், டயர்க் குவியலின் மேல் இரண்டு தேங்காய்நார் மெத்தை, கிழிந்த பாய், கால் உடைந்த நாற்காலி, உச்சியில் காய்ந்த தென்னை ஓலை. சுற்றிலும் இளைஞர்கள் பத்துப் பேர், அவர்கள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. இது என்னவென்று கேட்டேன். அவர்களில் தாடி வைத்த ஒருவன்தான் பதில் சொன்னான்.

"இன்னாக்கா, தெரியாத மாரி கேக்கற? சுத்துவட்டாரத்துல இவ்ளோ பெரிய போகி எங்கியுமே கெடையாது. நீதான ஆரம்பிச்சு வச்ச."

தலையில் கை வைத்துக்கொண்டு கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மார்கழிக் கடைசியில் கொட்டடித்துக்கொண்டு போய், மைதானத்தில் பழையதைக் குவி என்றால், எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். பிறந்ததிலிருந்து இங்கேயே குப்பை கொட்டுகிற எனக்குத்தான் தெரியாமல் போனது. மைக்கில் என்ன கத்தினேன் என்று ஒருவர் காதிலும் விழவில்லை. கொட்டுச் சத்தம்தான் விழுந்திருக்கிறது.

குப்பை வண்டிக்காரரிடம் இருபது டயர் இருக்கும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவர் வந்து குவியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதற்கு லாரிதான் வேண்டும், பொங்கல் கழியட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் மாடியிலிருந்து அக்கா இறங்கி வந்தார். அவர் சண்டை போட்டிருந்தால் தேவலை. எனக்கும் நன்றாகச் சண்டை போட வரும். அவர் மைதானத்தைப் பார்த்தபடி மெதுவாகத்தான் பேசினார்.

"நல்லதுக்குத்தான் பண்ணே. ஆனா ஊர்ல கீற டயரெல்லாம் எங்க வூட்டாண்ட கொண்டாந்து குவிச்சிட்டியேம்மா."

எனக்கு அழுகைதான் வந்தது. பங்சர் கடை அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, டீயைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தார். அவருடைய மச்சான் காசிமேட்டில் மீன்பிடிப் போட்டில் வேலை செய்கிறவர். பண்டிகைக்குப் போட்டெல்லாம் துறைமுகத்தில் நெருக்கிக் கட்டிக் கிடக்கும், ஒன்றோடொன்று உரசாமல் இருக்க ஓரத்தில் டயர் கட்டித் தொங்கவிடுவார்கள், எத்தனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள் என்றார். எனக்கு உயிர் வந்தது. நாலரை மணிக்கு இரண்டு மினி லாரிகள் மைதானத்துக்குள் நுழைந்தன.

நுழைந்த வேகத்தில் நின்றன. இளைஞர்கள் டயர் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நாலு நாளாகச் சேர்த்த போகியைக் கடைசி நேரத்தில் எவனோ அள்ளிக்கொண்டு போவதா என்று அவர்களுக்கு ஆத்திரம். அதில் நியாயமும் இருந்தது. நான் மைக்கைப் பிடித்தேன். நச்சு வாயு என்றேன், நுரையீரல் என்றேன். ஒருவன் விசிலடித்தான். எனக்குக் கோபம் தலைக்கேறி, வாயில் வந்ததைத் திட்டவே ஆரம்பித்துவிட்டேன். அப்போது பக்கத்தில் யாரோ என் கையிலிருந்து மைக்கை மெதுவாக உருவினார்கள். பார்த்தால் மாடி வீட்டு அக்கா. என்னிடமிருந்து மைக்கை வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

இழுப்போடு, நின்று நின்று பேசினார்.

"மாடில கொழந்த கீது. நாளைக்கு இருவத்திரண்டு நாளு. எனுக்கு மட்டும்னா மீஞ்சூர் போயிருப்பேன், வருசா வருசம் அப்டித்தான் போறேன். அத்த தூக்கிகினு எங்கப்பா போவேன்?"

அவ்வளவுதான். மைக்கை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். தாடிக்காரன்தான் முதலில் டயரிலிருந்து குதித்தான். நேராக என்னிடம் வந்தான்.

"இத்த மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?"

இரண்டு பக்க நோட்டீஸ். அதில் உலகமே இருந்தது, என் தலைக்கு மேலே இருந்த வீடு மட்டும் இல்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட நேரம் எங்கே இருந்தது? அதற்குள் அவர்கள் டயரை உருட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கொட்டு தானாக மறுபடியும் கிளம்பியது. யார் அதிக டயர் ஏற்றுவது என்று இரண்டு லாரிக்கும் போட்டி. நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு லாரி டயரை உருட்டினேன், அது என்னையும் இழுத்துக்கொண்டு போய்ச் சாக்கடை ஓரத்தில் சாய்த்தது. மைதானமே சிரித்தது, நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். உடைந்த நாற்காலியையும் தேங்காய்நார் மெத்தைகளையும்கூட விடாமல் ஏற்றி அனுப்பினோம். கிழிந்த பாயும் தென்னை ஓலையும் மட்டும் மிஞ்சின.

மறுநாள் விடியற்காலையில் அக்காவுக்குத் துணையாக மாடியில் இருந்தேன். ஜன்னலையெல்லாம் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி செருகியிருந்தோம். உள் அறையில் மகளும் குழந்தையும் தூங்கினார்கள். அக்கா மருந்து உறிஞ்சும் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தூரத்துத் தெருக்களில் டயர் வாடை கிளம்பியிருந்தது, அதை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எங்கள் மைதானத்தில் போகித் தீ இன்னும் எழும்பவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

கதவு தட்டினார்கள். தாடிக்காரன். பாயில் ஒரு துண்டை மட்டும் எரித்துப் பார்த்தோம், புகை வருகிறதா என்று கேட்டான். கொஞ்சம் வருகிறது என்றார் அக்கா. தடதடவென்று கீழே ஓடினான், வாளித் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. குவியலை மைதானத்தின் அந்தக் கோடிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே இன்னொரு துண்டைக் கொளுத்திவிட்டு மறுபடியும் வந்து கேட்டான். இன்னும் லேசாக வருகிறது என்றார். மறுபடியும் தண்ணீர். மிச்சப் பாயையும் ஓலையையும் மைதானச் சுவருக்கு அந்தப் பக்கமே கொண்டுபோய் வைத்தார்கள்.

மூன்றாவது தடவை அவன் வந்து நின்றபோது, அக்கா எழுந்து போய் ஜன்னலில் செருகியிருந்த துணியை எடுத்தார். ஒரு கதவைத் திறந்து, முகத்தை வெளியே நீட்டி, மூச்சை நன்றாக உள்ளே இழுத்துப் பார்த்தார். இருமல் வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தார்.

"வர்ல. கொளுத்திக்கோங்கப்பா" என்றார்.