பின் சீட்டில் ஏழு வருடம்

ஊரில் பாதிப் பேர் சிரிக்கிற சிரிப்பு அவள் கையால் செய்தது. அந்தப் பாதிப் பேரில் ஒருவரைக்கூட அவளுக்கு முகம் தெரியாது, அது வேறு விஷயம். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். ஒரு மாவு அச்சு, கூடவே ஒரு துண்டுச் சீட்டு, சீட்டில் பல்லின் நிறத்துக்கு ஒரு எண். அவளுக்கு வந்து சேருகிற மனுஷன் அவ்வளவுதான். மூன்றாவது மாடியில் ஒற்றை ஜன்னல் வைத்த அறை, இரண்டு மேஜை, மெருகு போடுகிற மோட்டார், எந்நேரமும் மெழுகு உருகுகிற வாசனை. இருபத்திரண்டு வருடமாக அங்கே உட்கார்ந்து முன்பல், கடைவாய்ப்பல், முழு செட் என்று செய்துகொண்டிருந்தாள். தெருவில் அவளுக்குப் பேர் பல்லுக்காரி. நாமும் அப்படியே கூப்பிடுவோம், கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபித்துக்கொள்ளத் தெரியாததுதான் அவளிடம் இருந்த பெரிய கோளாறு.

வயது நாற்பத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அவளிடம் மட்டும் ஒன்றும் இல்லை. அண்ணன் வீட்டில், துணி காயப்போடுகிற பால்கனியை ஒட்டிய அறை அவளுக்கு. அண்ணி கெட்டவள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பல்லுக்காரியைக் கேட்டு எதையும் செய்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஜன்னல் திறந்திருக்குமா, டிவியில் என்ன ஓடும், அவள் கட்டிலுக்கு அடியில் யாருடைய பழைய பெட்டி கிடக்கும், எல்லாம் மற்றவர்கள் முடிவு. "உனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லையே?" என்பார் அண்ணன். "எனக்கென்ன அண்ணா" என்பாள். பேச்சு அதோடு முடியும்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுடையது. அந்த ஒரு நாளுக்காக மற்ற நாளெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள் என்று சொன்னால் தொழிலை வைத்துக் கிண்டல் செய்கிற மாதிரி ஆகும். ஆனாலும் உண்மை அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கொண்டுவந்தவள் மாஸ்டர். டிரைவிங் ஸ்கூலில் கார், பைக் இரண்டும் கற்றுக்கொடுக்கிறவள். கற்றுக்கொண்டவர்கள் வைத்த பேர் அது. ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு மகராசன் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்ததில் மாஸ்டருக்கு முன்பல் ஒன்று போயிற்று. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இவளுக்குச் சொல் இரண்டு மடங்காயிற்று. புதுப்பல் கட்டிய மறுநாளே மூன்று மாடி ஏறி நேராக அந்த அறைக்குள் வந்து நின்றாள்.

"இந்தப் பல்லைச் செஞ்சது யாரு?"

"நான்தான்."

"வாய்க்குள்ள டியூப்லைட் போட்ட மாதிரி இருக்கு. நீயே பாரு! தானமா வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாது. நான் காசு குடுத்திருக்கேன்."

பல்லுக்காரி பார்த்தாள். தான் செய்த பல்லை ஒரு வாய்க்குள் வைத்துப் பார்த்தது அவளுக்கு அதுதான் முதல் தடவை. சீட்டில் எழுதியிருந்த எண்ணுக்குப் பல் சரியாகத்தான் இருந்தது. பக்கத்துப் பற்கள்தான் இருபது வருடமாக டீ குடித்த பற்கள். மாற்றித் தருகிறேன் என்று சொன்னாளே தவிர, கண்ணை எடுக்கவில்லை.

"என்ன, அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"இல்ல. இத்தனை வருஷத்துல யாரும் வந்து காட்டினதில்ல."

மாஸ்டரின் கோபம் எங்கே போயிற்றோ. சிரித்துவிட்டாள், டியூப்லைட் எரிந்தது. பல்லை மாற்றவும் விடவில்லை. "ஞாயித்துக்கிழமை என்ன செய்வே?" என்று கேட்டாள். துணி துவைப்பேன் என்றாள் இவள். "துணி எங்கயும் ஓடிப்போகாது. என் பைக்ல வா, எங்கயாவது போயிட்டு வரலாம்."

அப்படித் தொடங்கியது. காலையில் கிளம்பி, பக்கத்தில் இருக்கிற மூன்று நான்கு இடங்களைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். முதல் தடவை போனபோதே மழை பிடித்துக்கொண்டது. அருவியைப் பார்த்தார்கள், பழைய கோட்டைச் சுவரைப் பார்த்தார்கள், தொங்குபாலத்துக்குப் போக முடியவில்லை. பல்லுக்காரி முகம் வாடிப்போனதைப் பார்த்து மாஸ்டர் சொன்னாள்: "விடுடி. ஒண்ணு மிச்சம் இருந்தாத்தான் மறுபடி வர முடியும்." அதுவே சட்டமாகிவிட்டது. எங்கே போனாலும் ஒரு இடத்தைப் பார்க்காமல் விட்டுவிட வேண்டும். அடுத்த மாதம் முதலில் அந்த மிச்சம், பிறகு புதிதாகச் சில, அதிலும் ஒன்று மிச்சம். வாசல் வரைக்கும் போய்விட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பி வந்த இடங்கள் உண்டு. டிக்கெட் கிழிக்கிறவர்கள் இவர்களைப் பைத்தியம் என்று நினைத்தார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். மாதம் முழுவதும் அந்த மிச்சத்தை நினைத்துக்கொண்டேதான் பல்லுக்காரி ஊரார் பல்லுக்கு மெருகு போட்டாள்.

அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்க மாஸ்டர் செய்யாத முயற்சி இல்லை. காலி மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போவாள். தலைமுடி கனத்துக்கு மெழுகைச் செதுக்குகிற அதே விரல்கள் கிளட்சைப் பிடித்ததும் கட்டையாகிவிடும். வண்டி இரண்டு அடி போகும், இருமும், நின்றுவிடும். ஒரு முறை மைதானத்தில் இருந்த ஒரே ஒரு மரத்தைத் தேடிப்போய் இடித்தாள். "எருமைக்கும் லைசென்ஸ் வாங்கிக் குடுப்பேன்டி நான். உன்கிட்ட தோத்துட்டேன்" என்று மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பல்லுக்காரி சாவியைக் கொடுத்துவிட்டுப் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். அங்கே ஏறுவதற்கு மட்டும் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பின் சீட்டில் இருந்து என்ன தெரியும்? ஹெல்மெட்டும் முதுகும்தான் தெரியும். அதற்கு இரண்டு பக்கமும் வயல், கடை, குளம் எல்லாம் வந்து போகும். காற்றில் பாதி வார்த்தை பறந்துபோக, மாஸ்டர் அந்த மாதத்துக் கதைகளையெல்லாம் கத்திக் கத்திச் சொல்வாள். கடைசி ஒரு வருடமாக அதிகம் வந்த கதை ஒரு கேஷியரைப் பற்றியது. ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர், மனைவியை இழந்தவர். முதல் டெஸ்டில் ஃபெயில். இரண்டாவது டெஸ்டில், பார்க் பண்ணச் சொன்ன அதிகாரியின் காரையே இடித்து ஃபெயில். "நோட்டைத் தவிர வேற எதையும் தொடத் தெரியாதுடி அவனுக்கு!" இருவரும் வண்டி ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்கள். மூன்றாவது டெஸ்டிலும் ஃபெயில் ஆன பிறகு, மாஸ்டர் பேச்சில் அவன் அவராகிவிட்டார். அதைப் பல்லுக்காரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அல்லது போட்டுக்கொண்டு, வேண்டாம் என்று வெளியே எடுத்துவிட்டாள்.

இந்த மாதத்து ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு இடம் பேசி வைத்திருந்தார்கள். அணைக்கட்டு, கல் பாலம், ஓட்டம் நின்ற ரயில் என்ஜின்களை நிறுத்தி வைத்திருக்கிற ஷெட், குன்றின் மேல் ஒரு காவல் கோபுரம். இதில் கோபுரம் மிச்சம் என்று முன்னாலேயே முடிவாகியிருந்தது. அணையில் தண்ணீர் குறைவு. பாலத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டம். என்ஜின் ஷெட்டில் மாஸ்டர் காவலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு என்ஜின்மேல் ஏறிக்கொண்டு, "நீயும் ஏறுடி டாக்டரு!" என்றாள். பல்லுக்காரியை டாக்டர் என்று கூப்பிடுகிற ஒரே ஆள் உலகத்தில் அவள்தான்.

மூன்று மணிக்கு வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய முக்கில் வண்டி எதிர்ப்பக்கம் திரும்பியது. பல்லுக்காரி தோளைத் தட்டினாள்.

"எங்கடி போறே? கோபுரம் அடுத்த மாசம்னு சொன்னோமே!"

"இன்னிக்கே பார்த்துடலாம்!" என்று கத்தினாள் மாஸ்டர். "எதுக்கு மிச்சம் வைக்கணும்!"

ஏழு வருடத்தில் ஒரு தடவைகூட மாஸ்டர் கேட்காத கேள்வி அது. குன்றுப் பாதை வளைந்து வளைந்து ஏறியது. வண்டி கெட்டுப்போகக் கூடாதா, டயர் வெடிக்கக் கூடாதா, கோபுரத்தைப் பூட்டி வைத்திருக்கக் கூடாதா என்று வரிசையாக வேண்டிக்கொண்டே போனாள். வேண்டுதல் எதுவும் பலிக்கவில்லை. கோபுரம் விரியத் திறந்து கிடந்தது, பார்க்க ஒரு ஆள்கூட இல்லை.

நூற்றுச் சொச்சம் படி ஏறினார்கள். உச்சியில் நின்றால் சுற்றுவட்டாரம் முழுவதும் தெரிந்தது. மாஸ்டர் மூச்சு வாங்கிக்கொண்டே கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். "அதோ அணை. அந்த வளைவுக்கு அந்தாண்டதான் அருவி. அங்க ஒரு தடவை பஞ்சர் ஆச்சே, ஞாபகம் இருக்கா?" எல்லா இடத்தையும் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறவள் மாதிரி இருந்தது. பல்லுக்காரி எதையும் பார்க்கவில்லை.

"எப்போ கிளம்பறே?" என்று கேட்டாள்.

மாஸ்டரின் கை இறங்கியது.

"உனக்கு யாரு சொன்னா?"

"நீதான். இப்போ."

மாஸ்டர் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அவருக்கு மாத்தல் வந்திருச்சுடி. ரெண்டு நாள் ரயில்ல போகணும், அவ்வளவு தூரம். தனியாப் போக மாட்டேங்கறாரு. பதிவு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு, அடுத்த மாசம் முதல் வாரம் கிளம்பறோம்." பிறகு, கேட்காமலே, "மூணு தடவையும் வேணும்னேதான் ஃபெயில் ஆனாராம். பாஸ் ஆயிட்டா கிளாசுக்கு வர முடியாதேன்னு. போன வாரம்தான் சொன்னாரு, திருட்டு ஆளு" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பல்லுக்காரி இதற்கு முன் பார்த்ததில்லை. எப்படிப் பார்த்திருக்க முடியும்? அவள் பார்த்ததெல்லாம் முதுகைத்தானே.

"நல்ல மனுஷன்" என்றாள் பல்லுக்காரி. "பல்லு எப்படி?"

"சொந்தப் பல்லுதான். எல்லாம் இருக்கு."

"அப்போ எனக்கு வேலை இல்ல."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு படி இறங்கினார்கள்.

திரும்பி வருகிற வழி முழுவதும் மாஸ்டர் கதை ஒன்றும் சொல்லவில்லை. பல்லுக்காரி ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டே வந்தாள். கண்ணாடியை இறக்கிவிட்டிருந்ததால் துடைக்கவும் வழியில்லை; மூக்கில் இறங்கி, உதட்டில் உப்புக் கரித்தது. அவளுக்கு மாஸ்டர் மேல் கோபம் வரவில்லை, கேஷியர் மேலும் வரவில்லை. நாற்பத்தைந்து வயதில் ஒருத்திக்கு நல்லது நடந்தால் வயிறெரிய அவள் என்ன பாவியா? ஆனால் வேண்டும் என்று இருந்தது. இந்தச் சீட் வேண்டும், இந்த முதுகு வேண்டும், காற்றில் பாதி பறந்துபோகிற அந்தக் கத்தல் வேண்டும் என்று சின்னப் பிள்ளைபோல் மனசு அடம் பிடித்தது. வேறு எதையும் அவள் வாழ்க்கையில் இவ்வளவு வேண்டியதில்லை.

அண்ணன் வீட்டு வாசலில் வண்டி நின்றது. பல்லுக்காரி இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஹெல்மெட்டை நீட்டினாள். மாஸ்டர் வாங்கிக்கொள்ளவில்லை. வண்டியை அணைத்துவிட்டுச் சாவியை எடுத்து அவள் பக்கம் நீட்டினாள்.

"நீயே வச்சுக்கோ. வண்டியைச் சொல்றேன். இன்னும் மூணு வாரம் இருக்கு, தினம் காலைல மைதானத்துக்கு வா. எப்படியாவது கத்துக் குடுத்துட்டுத்தான் போவேன். அப்புறம் நீ யாரையும் எதிர்பார்க்க வேண்டாம், எங்க வேணாலும் நீயே போகலாம்."

பல்லுக்காரி சாவியைப் பார்த்தாள். கோபித்துக்கொள்ளத் தெரியாது என்று சொன்னேனே, அந்தக் கோளாறு அந்த நிமிஷம் சரியாயிற்று.

"அவர் மூணு தடவை ஃபெயில் ஆனாரு. சொன்னதும் உனக்குப் புரிஞ்சுது, கூடப் போறே" என்றாள். "நான் ஏழு வருஷமா ஃபெயில் ஆயிட்டிருக்கேன்டி. உனக்கு ஒரு நாளாவது சந்தேகம் வரலையா? இருக்கிற ஒரே மரத்துல யாராவது தெரியாம இடிப்பாங்களா? கத்துக்கிட்டா நீ என்னைக் கூட்டிட்டுப் போக மாட்டியேன்னுதான் நான் கத்துக்கவே இல்ல. எனக்கு எங்கயும் போக ஆசை இல்ல. உன் பின்னாடி உட்காரத்தான் ஆசை."

மாஸ்டர் நீட்டிய கையை மடக்கினாள். சாவியை மறுபடி வண்டியில் போட்டுத் திருகினாள். வண்டி உறுமியது.

"ஏறு" என்றாள்.

பல்லுக்காரி ஏறினாள். மேலே பால்கனியில் துணி எடுக்க வந்த அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"இப்பத்தானே வந்து இறங்கினே! மறுபடி எங்க? பொழுது சாயற நேரத்துல எதைப் பார்க்கப் போறீங்க?"

"ஒண்ணும் பார்க்கப் போகல அண்ணி" என்றாள் பல்லுக்காரி, தெருவே கேட்கிற குரலில். "இவகூடப் போறேன்."