அலாரத்துக்கு வைத்த சந்தனம்

கோச்சடைப் பக்கம் நான் வேலை பார்க்கும் ஐஸ் கம்பெனிக்கு, அமோனியா கசிந்தால் கத்துகிற அலாரத்தைச் சோதிக்க ஒருவர் வந்தார். ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய ஷூ, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. பைக்கைக் கேட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்திவிட்டு, "வெளிய போற வழி எது?" என்றுதான் முதலில் கேட்டார். எட்டாவதோடு படிப்பை விட்டும் பயத்தை விடாத எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது.

ஆயுத பூஜைக்குப் பிறகு அந்த அலாரம் ஒருமுறைகூடக் கத்தவில்லை. சாமி காப்பாற்றுகிறது என்று நானும் நிம்மதியாக இருந்தேன். அவர் ஏணியில் ஏறிப் பார்த்தார். வாயு நுழைகிற ஓட்டை முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"யாருண்ணே இது, மூக்க அடைச்சுப் பொட்டு வச்சது?"

"எல்லா மெஷினுக்கும் வைப்போம்ல" என்றார் ஆபரேட்டர் அண்ணன். "இது உசுரக் காக்குறதாச்சேன்னு கொஞ்சம் தூக்கலா வச்சேன்."

சோதிக்க வந்தவர் புது சென்சார் மாட்டி, கையிலிருந்த குட்டி சிலிண்டரைத் திறந்து அதற்குக் கொஞ்சம் வாயுவைக் காட்டினார். அலாரம் அலறியது. நாங்கள் கேட்டுக்கு ஓடினோம். ஏணியில் இருந்தவர் எப்படி இறங்கினாரோ, எங்களுக்கு முன்னால் அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"நீங்க காட்டுன கேஸுதானண்ணே, நீங்க எதுக்கு ஓடியாந்தீங்க?" என்றேன்.

"கத்துனா ஓடிரணும்ணே. எதுக்குக் கத்துதுன்னு நின்னு யோசிச்சா, அப்புறம் அதுவே பழகிப்போகும்."

சொல்லும்போதே பைக்கில் சாவியைப் போட்டுவிட்டார். பழக்கத்துக்காக ஓடினாரா, பயந்துதான் ஓடினாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பயப்படுவதற்குச் சம்பளம் தருகிற வேலை ஒன்று இருப்பதை எனக்கு யாருமே சொல்லவில்லையே என்றுதான் ஆதங்கம்.