கிருத்திகையும் நீல மாத்திரையும்

போன வியாழக்கிழமை மதியம் நடந்தது இது.

அம்மையார்குப்பம் பக்கம் எங்கள் பள்ளி. வாரம் ஒருமுறை, மதியச் சாப்பாடு முடிந்ததும், மாணவிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது என் வேலை. நீல நிறம், கொஞ்சம் பெரிசு. விழுங்கும்வரை நின்று பார்த்து, ரிஜிஸ்டரில் டிக் அடிக்க வேண்டும். இரண்டு நாள் பயிற்சியில் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள் — டீச்சருக்குப் பயம் வந்தால் என்ன செய்வது என்பதைத் தவிர!

"எல்லாரும் சாப்ட்டீங்களா?"

"ஆங் டீச்சர்!" — கோரஸ்.

கால் மணி நேரத்தில் எட்டாம் வகுப்பு பவானி வாந்தியெடுத்துச் சுவரோடு சரிந்தாள். கையைப் பிடித்தால் சில்லென்று...

"டீச்சர், அவ காலையிலருந்து ஒண்ணும் துன்னல. இன்னிக்கி கிருத்திகை. தட்டை எங்கிட்ட தள்ளிட்டா" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

கிருத்திகை என்று எனக்கா தெரியாது? திருத்தணியில் மலைக்குப் போகும் கூட்டத்தை இடித்துக்கொண்டுதான் காலையில் பஸ் ஏறினேன்!

ஆட்டோவில் ஆரம்ப சுகாதார நிலையம். "வெறும் வயிறு, அவ்ளோதான்" என்றார் நர்ஸ். உயிர் வந்தது.

"ஏன்டி பொய் சொன்ன?"

"போன வாரம் ஹெல்த் கிளாஸ்ல, வளர்ற புள்ளைங்க விரதம் இருந்தா முட்டாத்தனம்னு திட்னீங்களே டீச்சர்..."

ஆமாம், திட்டியது நான்தான்.

கூட வந்த கணக்கு டீச்சர் காதருகே கிசுகிசுத்தார்: "நாம டீச்சரா, நர்ஸாம்மா? மாத்திரைய கைல குடுத்துட்டு, டிக் போட்டுட்டு போய்க்கினே இரு. ஏதாவது ஆச்சுன்னா நம்ம தலைதான் உருளும்."

அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் எங்கள் வீட்டில் பள்ளிப் படியேறிய முதல் ஆள் நான். பிரேயரில் தலைசுற்றி விழுந்து விழுந்தே பத்தாம் வகுப்பை முடித்தவள். எனக்கு அன்று மாத்திரை கொடுக்க யாரும் இல்லை. எப்படி டிக் மட்டும் போட்டுவிட்டுப் போவது?

பவானியின் அம்மா தறியிலிருந்து அப்படியே ஓடி வந்தார். தலையெல்லாம் பஞ்சு.

"இன்னாத்த டீச்சர் குடுத்தீங்க எம் பொண்ணுக்கு?"

மாத்திரை, என் திட்டு, அவள் பொய் — எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். பெண்ணைப் பள்ளியிலிருந்தே நிறுத்திவிடுவாரோ?

"அவகிட்ட சொன்னீங்க, சரி. எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா? தெரிஞ்சிருந்தா கஞ்சியாவது ஊத்தி அனுப்பியிருப்பேன். சாமி ஒண்ணும் கோச்சுக்காது."

"மாத்திரைய நிறுத்திடாதீங்கம்மா..."

"அவ நைனாவக் கேட்டு சொல்றேன்."

இதை எழுதும்வரை பதில் வரவில்லை. நாளை மறுபடியும் வியாழன்.

அன்று சுகாதார நிலையத்திலிருந்து கிளம்பும்போது அந்த அம்மா என்னை உற்றுப் பார்த்தார். "உங்க மூஞ்சியும் வெளுத்துக் கெடக்குதே... சாப்ட்டீங்களா டீச்சர்?"

"ஆங், ஆச்சும்மா" என்றேன்.

அன்று எனக்கும் விரதம்.